வீணை இல்லாமல் திறந்த பாட்டு: கலையகங்களில் பிளக்இன் பதிப்பும் உரிமமும்

சென்ற ஆனி மாதத்தில் ஓர் ஆலயத்தின் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கர் மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் ஒலிப்பதிவுக் கலையகத்துக்கு வந்தார். ஆறு வருடங்களுக்கு முன் அந்த ஆலயத்துக்காக எட்டுப் பாடல்கள் கொண்ட இறுவட்டு ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். "தம்பி, இரண்டாவது பாட்டில் ஒரு சரணத்தை மட்டும் மாற்ற வேண்டும். புதிய கோபுரத்தைப் பற்றி நாலு வரி எழுதுவித்திருக்கிறோம். கொடியேற்றத்துக்கு முன் தந்துவிட வேண்டும்" என்றார். ஒரு பொழுதில் முடிகிற வேலை என்று எண்ணி ஒப்புக்கொண்டேன்.

கோப்பைத் திறந்தேன். பாடகரின் குரல் இருந்தது. மத்தளம் இருந்தது. புல்லாங்குழல் இருந்தது. வீணை இல்லை, தம்புரா இல்லை, குரலைச் சூழ்ந்து நின்ற எதிரொலியும் இல்லை. வீணைக்குரிய ட்ராக்கில் சுரங்களைக் காட்டும் பச்சைக் கட்டைகள் எல்லாம் தத்தம் இடத்தில் அப்படியே கிடந்தன; அவற்றை வாசிக்கத்தான் ஆளில்லை. செருகு மென்பொருள்களான பிளக்இன்கள் பதினொன்றைக் காணவில்லை என்று திரையின் நடுவே ஒரு சிறிய பெட்டி சொன்னது.

அந்த ஆறு வருடத்துக்குள் கணினி ஒரு தடவை மாறியிருந்தது. விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. ஒலிப்பதிவு மென்பொருள் இரண்டு பெரிய பதிப்புகளைத் தாண்டியிருந்தது. வீணை பிளக்இன்னைச் செய்த வெளிநாட்டு நிறுவனம் அதன் அடுத்த தலைமுறையை வெளியிட்டு, பழையதைத் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. அது நான் பணம் கொடுத்து வாங்கியது. பற்றுச்சீட்டு இன்றும் மின்னஞ்சலில் இருக்கிறது. இருந்தும் அதை நிறுவ வழி இருக்கவில்லை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சிறிய கலையகம் நடத்தும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, ஒவ்வொருவரிடமும் இப்படித் திறக்க முடியாத பாட்டு ஒன்று இருந்தது. ஒருவருக்குக் கஸீதா தொகுப்பு, இன்னொருவருக்கு நத்தார்ப் பாட்டு. இது எப்படி நேர்கிறது, எந்த இடத்தில் தடுக்கலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பாட்டுக் கோப்புக்குள் இருப்பது என்ன?

பிளக்இன் என்பது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் செருகி இயக்கும் இன்னொரு மென்பொருள். குரலைச் சீராக்குவது, எதிரொலி சேர்ப்பது, வீணையாகவோ வயலினாகவோ வாசிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996இல் தன் கியூபேஸ் மென்பொருளுடன் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் பிளக்இன் செய்யலாம், எந்த ஒலிப்பதிவு மென்பொருளும் அதை ஏற்கலாம் என்ற கதவு அதனால் திறந்தது. ஒரு பெரிய மேசை நிறையக் கருவிகள் வாங்க வழியில்லாத எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கலையகம் என்ற ஒன்று வந்ததே இந்தக் கதவின் வழியாகத்தான்.

நாங்கள் சேமித்து வைக்கும் பாட்டுக் கோப்பில் பிளக்இன் கிடையாது. அதன் ஒலியும் கிடையாது. இன்ன பிளக்இன் என்ற அடையாள எண்ணும், அதன் திருகுகள் எந்தெந்த நிலையில் இருந்தன என்ற குறிப்பும் மட்டுமே இருக்கின்றன. கூத்து ஏட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தரு எப்போது பாடப்பட வேண்டும் என்பது ஏட்டில் இருக்கும். மத்தளத்தில் அது எப்படி விழ வேண்டும் என்பது கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் கையில் இருக்கும். அவர் இல்லாத களரியில் ஏட்டை விரித்து வைத்தால் கூத்து நடக்காது. எங்கள் வீணை ட்ராக்கில் நடந்ததும் அதுவே.

அடையாள எண் என்றேனே, பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் பிறக்கின்றன. 1999இல் வந்த விஎஸ்டி2 முறையில் ஒரு பிளக்இன்னுக்கு நான்கு எழுத்து அளவிலான அடையாளம். 2008இல் வந்த விஎஸ்டி3 முறையில் அது பதினாறு பைட் நீளமான வேறு அடையாளம். ஒரே நிறுவனத்தின் ஒரே எதிரொலி பிளக்இன், ஒரே முகப்பு, ஒரே திருகுகள். இருந்தும் ஒலிப்பதிவு மென்பொருளின் கண்ணுக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். பழையதன் இடத்தைப் புதியது எடுத்துக்கொள்ளும்படி செய்தவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் மட்டுமே பழைய பாட்டு தானாகத் திறக்கும். சிலர் செய்தார்கள், பலர் செய்யவில்லை. 2018 ஒக்டோபருக்குப் பின் புதிதாக வரும் எவருக்கும் விஎஸ்டி2 பிளக்இன் செய்யும் உரிமத்தை ஸ்டெயின்பெர்க் வழங்கவில்லை. தன் சொந்த மென்பொருள்களிலிருந்தும் அதை நீக்கப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே விஎஸ்டி2 பிளக்இன்களால் செய்த பாடல்களுக்கு ஏற்கனவே நாள் குறித்தாயிற்று.

இதற்கு முன்னும் இப்படி ஓர் அலை அடித்தது. 32 பிட் என்ற பழைய வகைக் கணினி முறைக்கு எழுதிய பிளக்இன்களை 2013இல் புரோ டூல்ஸ் 11 என்ற ஒலிப்பதிவு மென்பொருள் கைவிட்டது, 2016இல் கியூபேஸ் 9 கைவிட்டது, 2019இல் ஆப்பிளின் கட்டலினா இயங்குதளம் முழுமையாகவே வாசலை அடைத்தது. அந்தக் காலத்தில் இலவசமாகக் கிடைத்த நல்ல பிளக்இன்கள் பல, தனி ஆட்கள் ஓய்வு நேரத்தில் எழுதியவை. அவர்களில் பலர் புதிய 64 பிட் முறைக்கான பதிப்பு எழுதவே இல்லை. ரீப்பர் போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸில் 32 பிட் பிளக்இன்னை இன்றும் ஒரு பாலம் போட்டு இயக்குகின்றன. என் மேசையில் ரீப்பர் இன்னும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய மேக் பாவிப்போர், இன்டெல் மேக்குகளுக்கு எழுதிய பழைய 64 பிட் பிளக்இன்களுக்கு ரொசெட்டா என்ற மொழிமாற்றப் பாலத்தில் நிற்கிறார்கள். அதற்கும் ஆப்பிள் முடிவு நாள் சொல்லிவிட்டது.

பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது பாதிக் காவல். 3.2.1 என்று இருந்தால் கடைசி இலக்கம் பிழைதிருத்தம், பெரும்பாலும் பயமில்லை. நடு இலக்கம் புதிய வசதி. பார்த்துச் செய்ய வேண்டும். முதல் இலக்கம் மாறினால் அது புதிய பிளக்இன் என்றே கொள்ள வேண்டும். பணமும் அங்கேதான் கேட்பார்கள். பதிந்து வைத்த வாத்திய ஒலிகளை வாசிக்கும் பிளக்இன்னான, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கொன்டாக்ட் இதற்கு நல்ல உதாரணம். 2022இல் ஏழாம் பதிப்பும் 2024இல் எட்டாம் பதிப்பும் வந்தன. ஆறும் ஏழும் எட்டும் ஒரே கணினியில் தனித்தனி பிளக்இன்களாக அருகருகே இருக்கலாம், அது நல்லது. ஆனால் எட்டில் சேமித்த வாத்தியக் கோப்பை ஆறு திறக்காது. கல்முனை நண்பர் எட்டில் செய்து அனுப்பிய நாதஸ்வரத்தை ஆறு மட்டும் உள்ள நான் திறக்க முடியாமல் அரை நாள் விழித்ததுண்டு. அவர் அனுப்பியது கெட்டுப்போன கோப்பு என்று அவரோடு சண்டைபிடித்ததும் உண்டு.

எழுத்தில் தெரியாத மாற்றம் இன்னொன்று இருக்கிறது. புதிய பதிப்பு பிழையில்லாமல் நிறுவப்படும், பாட்டும் திறக்கும், ஆனால் ஒலி மாறியிருக்கும். யூனிவர்சல் ஓடியோ போன்ற சில நிறுவனங்கள் புதுப்பித்த பிளக்இன்களோடு பழையவற்றையும் 'லெகசி' என்ற பெயரில் வைத்திருக்கின்றன. அந்த மரியாதை எல்லாரிடமும் இல்லை. ஆகவே காதை மட்டும் நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய பதிப்பில் ஒலிக்கோப்பாக இறக்கிய பாட்டையும் புதிய பதிப்பில் இறக்கிய அதே பாட்டையும் இரண்டு ட்ராக்கில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பி, சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று விழுங்கி முழு அமைதி வரும். எங்காவது மெல்லிய முணுமுணுப்பு எஞ்சினால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. ஆனால் ஒரு குரலைப் பல குரலாகக் காட்டும் கோரஸ் பிளக்இன், சில வகை எதிரொலிகள் ஆகியவை ஒவ்வொரு முறையும் தாமாகவே சற்று அசையும்படி செய்யப்பட்டவை. அவை ஒரே பதிப்பில் இரண்டு தடவை இறக்கினாலும் முழுமையாக அமைதியாகா. அவற்றை நிறுத்திவிட்டுத்தான் மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு நல்ல பிளக்இன்னைக் குறைசொல்லிக்கொண்டு ஒரு வாரம் இருந்தேன்.

பணம் கொடுத்தோம், எதை வாங்கினோம்?

கடையில் மத்தளம் வாங்கினால் அது நம்முடையது. பிளக்இன் வாங்கும்போது நமக்குக் கிடைப்பது அனுமதி. இந்தக் கணினியில், இத்தனை இடத்தில், இந்தப் பதிப்பை இயக்கலாம் என்ற அனுமதி. அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆபத்தும் மாறுகிறது.

முன்னாட்களில் அதைக் கணினியில் செருகும் யுஎஸ்பி டாங்கிள் என்ற சிறு சாவியில் வைத்தார்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. என் டாங்கிளின் உலோகப் பற்கள் இரண்டு வருடத்தில் மங்கி, அடிக்கடி துடைத்துச் செருக வேண்டியதாயிற்று. ஸ்டெயின்பெர்க்கின் பழைய டாங்கிள் முறைக்குரிய சேவை 2025 மே 20ஆம் திகதியோடு நின்றுவிட்டது. அதிலிருக்கும் உரிமம் இன்னும் வேலை செய்யும். ஆனால் டாங்கிள் உடைந்தால் அந்த உரிமத்தை மீட்டுத் தர அந்தப் பக்கம் ஆள் இல்லை. பேஸ் நிறுவனத்தின் ஐலோக் முறை டாங்கிளிலும் இருக்கலாம், கணினியிலும் இருக்கலாம், இணையத்திலும் இருக்கலாம்; எதை அனுமதிப்பது என்பதைப் பிளக்இன் செய்தவர் தீர்மானிக்கிறார். இணையத்தில் வைத்தால் வேலை முடியும்வரை தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். மாரி காலத்தில் மின்சாரமும் இணையமும் மாறி மாறிப் போகும் ஊரில் அந்த வழியை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். பாடகர் பதிவறையில் நிற்கும்போது உரிமம் அறுந்தால் அவரிடம் என்ன சொல்வது?

கணினியோடு கட்டிய உரிமம்தான் இப்போது அதிகம். இரண்டு கணினி, மூன்று கணினி என்று ஓர் எண்ணிக்கை இருக்கும். இங்கே எங்கள் ஊர்களில் அடிக்கடி நேரும் விபத்து ஒன்று உண்டு. கணினி மந்தமாகிறது, திருத்துபவர் வருகிறார், கேட்காமலே முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போகிறார். உரிமம் வழங்கும் நிறுவனத்தின் கணக்கில் அது புதிய கணினி. பழைய கணினி இன்னும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பேயாக நிற்கிறது. இரண்டு தடவை இப்படி நடந்தால் இடம் தீர்ந்துவிடும். பிறகு மின்னஞ்சல் எழுதி மன்றாட வேண்டும். கணினியை எவர் கையில் கொடுப்பதற்கு முன்னும் ஒவ்வொரு உரிமத்தையும் அதிலிருந்து விடுவிக்க வேண்டும். வேவ்ஸ் போன்ற பிளக்இன் நிறுவனங்கள் சாதாரண பென்டிரைவிலும் உரிமத்தை வைக்க விடுகின்றன. கணினி திருத்தப் போகும்போது பென்டிரைவைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தால் போதும்.

மின்னஞ்சல் என்றதும் இன்னொன்று. அந்தக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது? இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கலையகங்களில் ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் வாங்கியிருப்பார். அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போய்விடுவார். மனத்தாங்கல் எதுவும் இல்லாமலே உரிமங்களும் அவரோடு போய்விடும். கலையகத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் இருவர் கையில். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

புதுப்பிப்புக் கட்டணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். வேவ்ஸ் பிளக்இன் வாங்கினால் முதல் வருடத்துக்குப் புதிய பதிப்புகள் கிடைக்கும். அதன்பின் வருடாந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டாவிட்டால் கையிலிருக்கும் பதிப்பு பறிபோவதில்லை. புதியது மட்டும் கிடைக்காது. விண்டோஸும் ஒலிப்பதிவு மென்பொருளும் அதைத் தாங்கும்வரை பழையதே ஓடும். சந்தா முறை அப்படியல்ல. கட்டுவதை நிறுத்திய மாதம் கதவு மூடும், அதற்குள் செய்த பாட்டும் ஊமையாகும். 2023 மார்ச்சில் வேவ்ஸ் இனிமேல் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. உலகம் முழுவதும் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிரந்தர உரிமத்தை மீண்டும் கொண்டுவந்தது. பாவனையாளர் குரலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்று மகிழ்ந்தேன். ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவு என் கலையகத்தின் கதவை மூடலாம் என்பதும் அன்றே விளங்கியது.

எங்களுக்குச் சந்தாவின் பாரம் இரட்டிப்பு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360. மாதம் 10 டொலர் என்பது 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாகியது. ஆலயங்களும் திருமண வீட்டாரும் எங்களுக்குத் தருவது ரூபா. அவர்கள் கட்டணத்தை உயர்த்தித் தரும் நிலையில் அப்போது இல்லை. அந்த மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. வேலையே நடக்காத மாதத்துக்கும் சந்தா ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் நிரந்தர உரிமம் தரும் பிளக்இன்களை மட்டும் வாங்குவது என்று முடிவெடுத்தேன். குறைவாக வாங்கினாலும் அப்படித்தான்.

நிரந்தரம் என்ற சொல்லையும் அளந்துதான் நம்ப வேண்டும். கேக்வோக் நிறுவனம் 2016இல் தன் சோனார் மென்பொருளுக்கு வாழ்நாள் புதுப்பிப்பு விற்றது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் தயாரிப்பையே நிறுத்தியது. 2018 பெப்ரவரியில் பேண்ட்லாப் வாங்கி இலவசமாக வெளியிட்டதால் அந்தப் பாடல்கள் பிழைத்தன. கேமல் ஓடியோவின் அல்கெமி பிளக்இன்னுக்கு அந்த அதிர்ஷ்டம் பாதிதான். 2015இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கி, அல்கெமியை லொஜிக் மென்பொருளுக்குள் கொண்டுபோனது. விண்டோஸ்காரர் வாசலில் நின்றார்கள். இந்த இரண்டு கதையிலும் பாவனையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை.

உடைத்த பிரதிகள்

இதைச் சொல்லாமல் போனால் கட்டுரை நேர்மையாக இருக்காது. எங்கள் பகுதிக் கலையகங்களில் உடைத்த பிளக்இன்கள், அதாவது உரிமப் பூட்டை உடைத்துப் பணம் கொடுக்காமல் பாவிக்கும் பிரதிகள், இருக்கின்றன. நானும் அவற்றில்தான் படித்தேன். ஒரு பிளக்இன்னின் விலை ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் கூலியைவிட அதிகமாக இருந்த காலத்தில் வேறு வழி தெரியவில்லை. ஆனால் தொழிலாகச் செய்யத் தொடங்கியபின் அது எங்களையே கட்டிப்போட்டது. உடைத்த பிளக்இன்னுக்குப் புதுப்பிப்பு கிடையாது. அது நின்றுவிடும் என்ற பயத்தில் விண்டோஸைப் புதுப்பிக்க மாட்டோம். விண்டோஸ் பழையதாக இருப்பதால் புதிய ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவ முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றன. கலையகம் முழுவதும் அந்தக் கணத்தில் உறைந்து நிற்கும். உடைத்தவர் உள்ளே வேறென்ன வைத்தார் என்பதும் தெரியாது. ஒரு பிளக்இன்னோடு வந்த நச்சு நிரல் என் நண்பர் ஒருவரின் வன்தட்டு முழுவதையும் பூட்டிவிட்டது. மூன்று வருடத்துப் பாடல்கள்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் இசைப் படைப்பையும் ஒருசேரக் காக்கிறது. எங்கள் பாட்டை எவரோ கேட்காமல் யூடியூபில் ஏற்றினால் நாம் நீட்டப்போவது அதே சட்டத்தைத்தான். இன்று விலகி வரவும் வழி இருக்கிறது. ரீப்பர் சிறு தொழில் செய்வோருக்கு 60 டொலர். அந்த உரிமம் இரண்டு பெரிய பதிப்புகள்வரை செல்லும். ஏழாம் பதிப்பில் வாங்கியவருக்கு எட்டாம் பதிப்பு முடியும்வரை கவலை இல்லை. டோக்கியோ டோன் லாப்ஸ் போன்றோர் இலவசமாகத் தரும் பிளக்இன்களை வைத்தே ஒரு பக்திப்பாடல் தொகுப்பை முழுமையாக மிக்ஸ் செய்யலாம், செய்திருக்கிறேன். கூத்து மத்தளத்தின் ஒலி நான் தேடிய எந்த வெளிநாட்டுத் தொகுப்பிலும் இல்லை. அண்ணாவியார் ஒருவரை அழைத்து ஒவ்வொரு அடியாகப் பதிந்து வைத்துக்கொண்டோம். அந்த ஒலிக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஒலியாக இறக்கி வைத்தல்

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலை 1947இல் வெளியிட்டபோது, அதில் பேசப்படும் யாழை வாசிப்பவர் எவரும் இந்த மண்ணில் இல்லை. சிலப்பதிகார வரிகளிலிருந்தும் சுரக் கணக்குகளிலிருந்தும் அந்த இசையைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. எழுத்து நின்றது, கருவி போய்விட்டது. எங்கள் நிலைமை அதைவிட எளிது. பாட்டு முடிந்த அன்று கருவி உயிரோடு இருக்கிறது. ஒலியை அப்போதே பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் கலையகத்தில் பாட்டு கையளிக்கப்படும் நாளிலேயே எல்லா ட்ராக்குகளையும் ஒவ்வொன்றாக வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பாக இறக்குகிறோம். எல்லாம் பாட்டின் முதல் கணத்திலிருந்து தொடங்கும், இடையில் வெறுமை இருந்தாலும் சரி. அப்போதுதான் இருபது வருடம் கழித்து எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றோடொன்று ஒட்டும். பிளக்இன்களோடு ஒரு தடவை, அவை இல்லாமல் ஒரு தடவை. வீணை போன்ற வாத்திய பிளக்இன்களுக்கு ஒலியோடு சுரக் கோப்பும் தனியே. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஐந்து நிமிட ஸ்டீரியோ ட்ராக் ஒன்று 86 மெகாபைட் வரும். முப்பது ட்ராக் உள்ள பாட்டு 2.6 ஜிகாபைட். எட்டுப் பாடல்கள், இரண்டு வகையும் சேர்த்து 42 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு டெராபைட் வன்தட்டில் இருபது தொகுப்புகளுக்கு மேல் வைக்கலாம். பாடகரை மறுபடி அழைத்து, வாத்தியம் முழுவதையும் மறுபடி செய்யும் செலவோடு பார்த்தால் வன்தட்டின் விலை ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு சி.ஆர். கொப்பி. கணினியில் எழுதலாம்தான், ஆனால் கணினியே திறக்காத நாளில்தான் அது தேவைப்படும். ஒவ்வொரு பிளக்இன்னுக்கும் ஒரு வரி: பெயர், பதிப்பு எண், எந்தக் கணக்கில் வாங்கியது, உரிமம் எங்கே இருக்கிறது, நிறுவும் கோப்பு எந்த வன்தட்டில். நிறுவும் கோப்பைத் தரவிறக்கியவுடன் தனியே சேமித்துவிட வேண்டும். அதைச் செய்யாததால்தான் என் வீணை போனது. உரிமம் இருந்தும் கோப்பு இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் வேறொரு பக்கம், அதில் எந்தப் பிளக்இன் எந்தப் பதிப்பில் என்று.

எப்போது புதுப்பிப்பது என்பதையும் கலையகத்தின் நாட்காட்டிதான் தீர்மானிக்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி தொடங்கி ஆவணி வரை ஆலய வேலை ஓயாது, பிறகு நவராத்திரி, அதன்பின் நத்தார். வெளிநாட்டு நிறுவனங்களின் பெரிய விலைக்கழிவு வருவது நவம்பர் கடைசியில். அது எங்களுக்கு வடகீழ் பருவமழை கொட்டும் மாதம், வேலையும் கைநிறைய இருக்கும் மாதம். கழிவில் வாங்கட்டும், நிறுவ வேண்டாம். தைப்பொங்கல் முடிந்து வேலை தணியும் நாட்களில், முதலில் வன்தட்டு முழுவதையும் படியெடுத்து வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் புதுப்பித்து, பழைய பாடல்கள் மூன்றைத் திறந்து, மேலே சொன்ன தலைகீழ் சோதனையைச் செய்து, பிறகு அடுத்ததற்குப் போகிறேன். நடந்துகொண்டிருக்கும் பாட்டின் நடுவில் எதையும் தொடுவதில்லை. தானாகப் புதுப்பிக்கும் வசதியை எல்லா இடத்திலும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பழைய பாட்டு ஊனமாகத் திறந்தால் பதறி அப்படியே சேமித்துவிடாதீர்கள். காணவில்லை என்று காட்டும் பிளக்இன் இடத்தை அழிக்கவும் வேண்டாம். பெரும்பாலான ஒலிப்பதிவு மென்பொருள்கள் அந்த இடத்துக்குள் திருகு நிலைகளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. சரியான பிளக்இன் திரும்பி வந்த கணத்தில் எல்லாம் பழையபடி எழும்.

வண்ணக்கரின் பாட்டு அப்படித்தான் எழுந்தது. கல்முனை நண்பரிடம் மூலையில் ஒதுக்கி வைத்த ஒரு பழைய கணினி இருந்தது. இணையத்தோடு தொடர்பே கொடுக்காமல் விட்டிருந்தார். அவரும் அதே வீணை பிளக்இன்னை என்னைப் போலவே அந்தக் காலத்தில் வாங்கியவர். வன்தட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். கோப்பு திறக்க இரண்டு நிமிடம் எடுத்தது. தட்டு சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் மீட்டு விழுந்ததும் நண்பர் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார். இருவரும் ஒன்றும் பேசாமல் பல்லவி முடியும்வரை கேட்டோம். பிறகு அந்தப் பாட்டோடு மற்ற ஏழு பாடல்களின் வீணையையும் தம்புராவையும் ஒலியாக இறக்கினோம். பொழுது சாய்ந்துவிட்டது.

நாலு வரிச் சரணம் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இறக்கிய ஒலிகளின் ஒரு படி கல்லடியில் இருக்கிறது. மற்றது வெள்ளம் ஏறாத மேட்டில், அம்பாறைப் பக்கம் என் அக்காவின் வீட்டு அலமாரியில். கொப்பியில் அந்தப் பாட்டின் பக்கத்தில் வீணை என்ற வரிக்கு எதிரே இப்போது பதிப்பு எண் இல்லை. வேவ் கோப்பு என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.